புகழுள்ள ஆண்கள், அழகுள்ள பெண்கள்

பொங்கலுக்கு எடுத்த படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா படத்துக்கு அவர் பெயர், ஊர், தேதி எல்லாம் போட்டாச்சு. மனைவியின் படத்துக்கு ‘மாலை வெளிச்சம்’ என்று வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவள், “மாமாவுக்குப் பேர் இருக்கு, நான் மட்டும் வெளிச்சமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பதில் வரவில்லை. ஜூலியா மார்கரெட் கேமரன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டு கண்ணாடி அறையானது, கரி அறை இருட்டறையானது. ஈரக் கொலோடியன் முறை: கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரே இருப்பவர் சில சமயம் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அழகுதான் தன்னைத் தூண்டியது என்பதை கேமரனே மறைத்ததில்லை. அந்த அழகை என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி.

பொறியாளன் புத்தி, முதலில் தலைப்புகளைத்தான் பார்த்தேன். ஆண்களின் படங்களில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல், கார்லைல் என்று பெயர்கள். பெண்களின் படங்களில் பெரும்பாலும் கன்னி மரியாள், சாஃபோ, கல்லறை வானதூதர் என்று வேடங்கள். மரியாளாகத் திரும்பத் திரும்ப வருகிற முகம் மேரி ஹில்லியருடையது. அவர் கேமரன் வீட்டுப் பணிப்பெண். வீட்டு வேலையோடு, அசையாமல் உட்காருவதும் அவர் வேலையாகிவிட்டது. 1926-இல் கேமரனின் படங்கள் புத்தகமாக வந்தபோது, வெர்ஜீனியா வுல்ஃபும் ரோஜர் ஃப்ரையும் முன்னுரை எழுதிய அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே ஆண்களுக்குப் புகழும் பெண்களுக்கு அழகும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன.

இதை வைத்து கேமரனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. புகைப்படம் கலையா, இயந்திர வேலையா என்று சண்டை நடந்த காலம் அது. ஓவியர்கள் வரைந்த மரியாளை நானும் கேமராவில் கொண்டுவருவேன் என்பது அவருடைய வாதம். அதில் அவர் ஜெயித்த படங்களும் உண்டு. ஆனால் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆண்களின் முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் சுருக்கத்தையும் தாடி மயிரையும் தேடிப் பிடிக்கிறது. மரியாள் படங்களில் கண் தாழ்ந்திருக்கிறது, துணி தலையைச் சுற்றியிருக்கிறது, வெளிச்சம் எதையும் தேடவில்லை. ஆணின் முகத்தில் அவர் ஒரு ஆளைத் தேடினார். பெண்ணின் முகத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு கருத்தைத் தேடினார்.

இதை உடைக்கிற படமும் அவருடையதுதான். 1867-இல் தன் அக்காள் தங்கை வழி மகளான ஜூலியா ஜாக்சனை வரிசையாகப் படம் எடுத்தார் (இவர்தான் பிற்பாடு வெர்ஜீனியா வுல்ஃபின் அம்மா). வேடம் இல்லை, சிறகு இல்லை, குழந்தை இல்லை. கார்லைலை எடுத்த அதே வருடம், கார்லைலுக்குக் கொடுத்த அதே இருட்டுப் பின்னணி, அதே பக்கவாட்டு வெளிச்சம். ஒரு படத்தில் தலையைத் திருப்பும்போது கழுத்து நரம்பு புடைத்துத் தெரிகிறது. இன்னொன்றில் முடியை அவிழ்த்துவிட்டு நேராக நம்மைப் பார்க்கிறார். அழகுதான். ஆனால் நம்மைச் சந்தோஷப்படுத்த உட்கார்ந்திருக்கும் அழகு இல்லை. என் கணக்கில் கேமரனின் மிகச் சிறந்த படங்கள் இவை. அழகுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல் விட்டபோதுதான் அவருக்கு ஆள் கிடைத்தார்.

ஆனால் அந்தப் பாடம் கூடவே கப்பல் ஏறவில்லை. 1875-இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் இறக்கும்வரை அங்கே எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தை எடுத்த படங்களுக்குப் பெயர் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களின் படங்களில் ‘இளம்பெண்’, ‘குடியானவர்கள்’ என்பதோடு சரி. தோட்டங்களில் அன்று வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். படத்தில் இருப்பவர் தமிழரா சிங்களவரா என்றுகூடத் தலைப்பு சொல்வதில்லை. மேரி ஹில்லியருக்காவது, ஆய்வாளர்கள் தேடிப் பிடிக்க ஒரு பெயர் மிச்சம் இருந்தது. இந்தப் பெண்களுக்கு முகம் மட்டும்தான் மிச்சம். அந்த முகங்களோ கார்லைலுக்குக் குறைந்தவை இல்லை. அதனால்தான் வலிக்கிறது.

ராத்திரி படத்தின் தலைப்பை மாற்றினேன். இப்போது மனைவியின் பெயர், எங்கள் ஊர், தேதி. படம் அதேதான். ஆனால் இதுவரை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இப்போதுதான் அவள் முகத்தில் இருந்த அலுப்பு தெரிந்தது. அன்றைக்கு அடுப்பில் பொங்கலை வைத்துவிட்டு வந்தவளைப் பத்து நிமிஷம் அங்கேயே நிற்க வைத்திருந்தேன்.