‘பாப்டீசோ’: தமிழ் வேதாகமங்கள் சென்ற வழிகள்

சந்தாபுரா என்ற ஊரின் தமிழ் ஜெபக்கூட்டங்களில் சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே குடும்பங்கள் சேர்ந்தே உட்காருகின்றன. பாட்டில் பேதம் இல்லை, ‘ஞானஸ்நானம் தெளிப்பா, முழுக்கா?’ என்று யாராவது கேட்டுவிட்டால்தான் பேச்சு நீளும். இரு தரப்பும் சாட்சிக்கு இழுப்பது ‘பாப்டீசோ’ என்ற கிரேக்க வினையை.

இது ‘பாப்டோ’விலிருந்து பிறந்தது. பாப்டோ என்றால் தோய்த்தல், சாயமேற்றுதல். இயேசு அப்பத் துணிக்கையைத் தோய்த்து யூதாசுக்குக் கொடுக்கும் இடத்தில் வருவது அதுதான். ‘பாப்டீசோ’வோ கப்பல் அமிழ்வதற்கும், ஒருவன் குடியிலோ கடனிலோ மூழ்கிப்போவதற்கும் கிரேக்கர் எழுதிய வினை. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், நாகமான் யோர்தானில் ஏழு தரம் முழுகியதற்கும் இதையே வைத்தார்கள். ஆனால் மாற்கு 7:4-இல், கடைவீதியிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன் சுத்தம் செய்துகொள்வதும் பெரும்பாலான கையெழுத்துப் படிகளில் இதே வினைதான். ஆகவே அகராதி மட்டும் வழக்கைத் தீர்க்காது.

வங்காளத்தில் இந்த வழக்கு பணம் வரை போனது. பாப்டிஸ்ட் ஊழியர்கள் ‘முழுக்கு’ என்றே பெயர்த்ததால் 1830-களில் வேதாகமச் சங்கம் உதவியை மறுத்தது. 1840-இல் பிரிட்டனில் அவர்கள் தங்களுக்கெனத் தனி மொழிபெயர்ப்புச் சங்கமே தொடங்கினார்கள்.

தமிழில் மிஷனரி சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்வந்த மிஷனரி பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. இந்த மரபின் மேல் எழுந்ததே ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வெளியான ஐக்கியத் திருப்புதல். அதில் ஒரு நுட்பம் உண்டு. சடங்கைச் சொல்லும் இடத்தில் ‘ஞானஸ்நானம்’. மாற்கு 7:4-இலும், பாடுகளைக் குறித்து இயேசு பேசும் மாற்கு 10:38, லூக்கா 12:50 வசனங்களிலும் ‘ஞான’த்தை விட்டு வெறும் ‘ஸ்நானம்’. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் மாறான வழியில் போனது: சடங்குக்கும் திருமுழுக்கு, பாடுகளுக்கும் திருமுழுக்கு.

பவரின் முறையில் இடத்துக்கேற்ற பொருள் தெளிவாகிறது. திருவிவிலியத்தின் முறையில் இடங்களுக்கிடையிலான உறவு காதில் விழுகிறது. வேதப்பாடம் நடத்துகிறவர் இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பதே நல்ல வழி. மாற்கு 10:37-38-இல் யாக்கோபும் யோவானும் கேட்டது வலப்பக்க, இடப்பக்க ஆசனங்கள். இயேசு திருப்பிக் கேட்டது தம் பாடுகளில் மூழ்க முடியுமா என்று. அங்கே தண்ணீரே இல்லை. தண்ணீரின் அளவைப் பற்றி வாதாடும் இரு தரப்பும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்கு.