புலிமான்கோம்பை நடுகல்லும் போர்க்களச் செய்தியும்

போர்க்களம் சென்றோர் இல்லத்தார்க்கு எழுதிய கடிதங்கள் வரலாற்றுச் சான்றுகளாக மட்டுமன்றி, தனியோர் இலக்கிய வகையாகவும் ஆராயப்படுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) இருதிறப் படைஞரும் எழுதிய கடிதங்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றுள், புல்ரன் போரில் புண்பட்டு மாண்ட சல்லிவன் பல்லூ, அப்போருக்கு ஒரு கிழமை முன்னர்த் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் பலரும் அறிந்தது. நாட்டுக் கடனுக்கும் மனைவிபால் கொண்ட அன்புக்கும் இடையே ஓர் உள்ளம் படும் தவிப்பே அதன் உயிர்.

பண்டைத் தமிழகத்திலும் வேந்தர் போர்களேயன்றி, ஒரே மொழி பேசும் ஊரும் ஊரும் ஆநிரை பற்றித் தம்முட் பொருத பூசல்கள் பல நிகழ்ந்தன. அப்பூசல்களில் வீழ்ந்தோர் செய்தி இல்லத்தை எவ்வாறு எய்திற்று என்னும் வினா ஈண்டு ஆராய்தற்குரியது.

கடிதம் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை ஓலை விடுக்கின்றாள். ஆயினும், பாசறையிலிருந்து மறவன் விடுத்த ஓலை தொகைநூற் புலவர்க்குப் பாடுபொருளாகவில்லை. முல்லைப்பாட்டில் தலைவன் மீள்வானோ என்பதை அறிய, முதுபெண்டிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278-ஆம் பாட்டில், மகன் புறங்கொடுத்தான் என்று பலர் கூறக் கேட்ட தாய், வாளொடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகின்றாள்.

இப்பாட்டை மறக்குடி மகளிரின் வீறு கூறுவதாகவே உரைப்பர். அஃது உண்மையே. எனினும், அவள் கேட்ட செய்தி பொய்ச்செய்தி என்பதும் நோக்கற்பாலது. வாய்மொழியை நம்ப இயலாமையாலன்றோ அவள் தானே களம் செல்ல நேர்ந்தது? வீரத்தைப் பாடும் அப்பாட்டு, உறுதியான செய்தி எய்தப் பெறாத ஓர் இல்லத்தின் துன்பத்தையும் உடன் காட்டுகின்றது.

இந்நிலையில் கல்வெட்டுச் சான்று ஒன்று நமக்குத் துணையாகின்றது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006-இல் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். எழுத்தமைதி கொண்டு, அவை கிறித்துவுக்கு முற்பட்டன என்று கண்டறிந்தோர் கணித்தனர். அவற்றுள் ஒன்று, ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று படிக்கப்பெறுகின்றது. பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்டமை குறித்த கல் என்பது பொருள். ஆகோள் என்பது தொல்காப்பியம் கூறும் வெட்சித் துறை பதினான்கனுள் ஒன்று. கூடலூர் என்னும் பெயருடைய ஊர் இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தில் உள்ளது.

இத்தொடரின் அமைப்பை நோக்குக. வினைமுற்று இல்லை, வேற்றுமையுருபு இல்லை, புகழ்மொழி இல்லை. வேந்தன் பெயரும் பகைவர் பெயரும் இல்லை. அந்தவன் நிரை கவரச் சென்றவனோ, மீட்கச் சென்றவனோ என்பதும் சொல்லப்படவில்லை. வெட்சி, கரந்தை என இலக்கணம் வகுத்த வேறுபாட்டைக் கல் பேணவில்லை. ஊர், பெயர், இடம், நிகழ்ச்சி என்னும் நான்கே அதன்கண் உள்ளன. களத்திலிருந்து வரும் செய்தியை எதிர்நோக்குவோர் முதற்கண் வினவுவனவும் இவையே: யார்? எவ்வூரான்? எங்கே? எதன்கண்?

நடுகல் வழிபாட்டுக்கு உரியதேயன்றிச் செய்தி கூறுவதன்று எனச் சிலர் மறுக்கலாம். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியம் கூறும் துறைகள் வழிபாட்டையே சுட்டுகின்றன என்பர். ஆயின், வழிபாட்டிற்கு எழுத்து இன்றியமையாததன்று. எழுத்தில்லாக் கற்களும் வழிபாடு பெற்றுள்ளன. அன்றியும், பூசல் நிகழ்ந்த இடத்திலேயே நின்ற கல்லாயின், அவ்விடத்தின் பெயரைப் பொறிக்க வேண்டுவதில்லை. கல் கிடைத்ததோ புலிமான்கோம்பையில். அது கூறும் இடமோ கூடலூர். களத்தினின்று நீங்கி நிற்பதனாலேயே அக்கல் களத்தின் பெயரைத் தாங்குகின்றது எனல் பொருந்தும். விரிச்சியும் வாய்மொழியும் தர இயலாத உறுதியை எழுத்துத் தந்தது.

அகநானூற்று 67-ஆம் பாட்டு, மறவரின் பெயரும் பெருமையும் எழுதிய நடுகற்கள் வழிதொறும் நிற்பதைக் கூறுகின்றது. அதனைக் கூறுவோள், பிரிந்தவனை எண்ணி இல்லத்திருந்து தோழியொடு வருந்தும் தலைவி. புலவர் கல்லிற் பெருமையையும் கண்டனர். புலிமான்கோம்பைக் கல்லிலோ பெயர் உண்டு, பெருமை சொல்லப்படவில்லை. பாட்டையும் கல்லையும் ஒன்றற்கொன்று உரையாகவே கொள்ளும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். பாட்டின் புகழைக் கல்லின்மேல் ஏற்றிப் படித்தால், கல் தன் இயல்பில் கூறுவதை இழந்துவிடுவோம்.

கடிதத்தில் மாள்வோன் தானே பேசுகின்றான்; கல்லில் எஞ்சியோர் அவனைப் பற்றிப் பேசுகின்றனர். சல்லிவன் பல்லூவின் உள்ளத்தை நாம் அறிகின்றோம். அந்தவன் உள்ளத்தை அறியோம். அவன் இறந்த இடத்தையும் நிகழ்ச்சியையும் மறவாது பொறித்த ஊராரின் உள்ளத்தையே அறிகின்றோம். அவர்களும் அப்பூசலில் எது வெற்றி என்று எழுதவில்லை. புறத்திணையைப் போர்ப்புகழ் என்னும் ஒரு கண்ணால் மட்டும் காண்பார்க்கு அம்மௌனம் விடையிறுத்தற்கு அரியதொரு வினாவாகும்.