உறைபனிக் கால மலைநடையும் வழிகாட்டியின் கலையும்

வட அமெரிக்காவின் உறைந்த காடுகளில் குளிர்காலப் பயணம் செய்வோர் காலணிக்குக் கீழே அகன்ற சட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நடப்பர். வளைத்த மரத்தில் தோல்வாரைப் பின்னி அந்நிலத்தின் பூர்வகுடியினர் உருவாக்கிய இந்தப் பனிநடைச் சட்டம் உடலின் எடையைப் பரந்த பரப்பில் பகிர்வதால், கால் பனிக்குள் புதைவதில்லை. ஆனாலும் அப்பயணத்தின் நுட்பம் கருவியோடு முடிந்துவிடுவதில்லை. எந்தச் சரிவில் பனி உறுதியாக நிற்கும், எந்த ஏரியின் மேற்பரப்பு ஆளைத் தாங்கும், எவ்வளவு மெதுவாக நடந்தால் உடல் வியர்க்காது என்பனவற்றை அறிந்த வழிகாட்டி முன்னே சென்று தடம் இட, பின்வருவோர் அத்தடத்தில் கால் வைக்கின்றனர். பனி பொழியாத இலங்கையில் இக்கருவிக்கு வேலை இல்லை. எனினும் குளிர்நிலத்தை அறிந்த ஒருவரைப் பின்தொடர்ந்து அந்நிலத்தைக் காணும் கலை, நுவரெலியாவையும் ஹட்டனையும் சூழ்ந்த மலைநாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மலையும் மூடுபனியும் யாவர்க்கும் பொதுவாகக் கிடைப்பவை. அவற்றை எந்த நேரத்தில், எந்த வேகத்தில் அணுகுவது என்ற தெரிவே இக்கலையின் சாரம், அத்தெரிவு பெரும்பாலும் வழிகாட்டியின் கையில் இருக்கிறது.

இக்கலைக்கு உரிய பருவம் மார்கழியின் மழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில் தொடங்குகிறது. வடகீழ்ப் பருவக்காற்றின் பிற்பகுதியான ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மலைநாட்டு வானம் பல இரவுகள் முகிலின்றித் தெளிந்திருக்க, பகலில் நிலம் பெற்ற வெப்பம் தடையின்றி விண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. காற்று அசையாத இரவாயின் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, வயலுக்குப் பாய்ச்சிய நீர் பள்ளத்தில் தேங்குவதுபோலத் தாழ்வான புல்வெளிகளில் தேங்குகிறது. அங்கே புல்லிதழின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடவும் சில பாகை குளிர்ந்து 0 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, காற்றிலுள்ள நீராவி நீராகாமலே நேரடியாகப் பளிங்குத் துகள்களாகப் படிகிறது. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 அல்லது 3 பாகை காட்டும் விடியலிலும் புல் வெளுத்திருப்பதற்கு இதுவே காரணம். இலங்கைச் செய்தித்தாள்கள் துகள் உறைபனி என்று எழுதும் இப்பனி வானத்திலிருந்து விழுவதில்லை, நிலத்திலேயே விளைகிறது. ஆகவே அதைத் தேடிச் செல்பவர் வானத்தைப் பார்ப்பதோடு நிலத்தின் மேடுபள்ளத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. நுவரெலியாக் குதிரைப்பந்தயத் திடலிலும், அம்பேவெல, பட்டிப்பொலப் பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களிலும், ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைப் பள்ளங்களிலும் வெண்மை படர்ந்திருக்கும் அதே விடியலில், சற்று உயர்ந்த சரிவொன்று ஈரம் மட்டும் கொண்டு பச்சையாகவே நிற்கக் காணலாம். முந்திய மாலையில் காற்று அடங்கிய விதத்தைக் கொண்டு மறுநாள் எந்தப் பள்ளம் வெளுக்கும் என்று கணிப்பது நல்ல வழிகாட்டியின் முதல் திறன்.

இதே பனி தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இன்னொரு முகம் காட்டுகிறது. உறைந்த கொழுந்தின் மேல் காலை வெயில் பட்டதும் இளந்தளிர் கருகிவிடுகிறது. கந்தப்பளை, அக்கரபத்தனை போன்ற உயர்ந்த பகுதிகளில் பனி கடுமையாகப் படிந்த தாழ்ந்த மலைகள் — தோட்டத்து வழக்கில் மலை என்பது கொழுந்தெடுக்கும் தேயிலைப் பரப்பைக் குறிக்கும் — மீண்டும் துளிர்க்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை அங்கே பறிப்பதற்குக் கொழுந்து குறைவு, ஆகவே அந்த மலையை நம்பியவர்களின் வருமானமும் குறைவு. உறைபனியை ரசிக்க வருபவர் இதை அறிந்திருப்பது அவரது ரசனையைக் குறைத்துவிடாது. வெண்மை எங்கே படியும் என்பதை வழிகாட்டி எவரிடமிருந்து கற்றார் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: கருகிய செடிகளை ஆண்டுதோறும் கண்டவர்களே குளிர்காற்று தங்கும் இடங்களை முதலில் குறித்து வைத்தவர்கள்.

இப்பருவத்து நடைக்கு ஹோர்ட்டன் சமவெளியைவிடத் தேர்ந்த களம் இலங்கையில் வேறில்லை. சிங்களத்தில் மகாஎலிய எனப்படும் இவ்வுயர்நிலம் கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில், 3,160 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற பொதுவிதி இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது. கொழும்பின் சராசரி 27 பாகை அளவினதாக இருக்க, இங்கே அது 13 பாகையை ஒட்டியதாகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய பெரும் ஆறுகள் மூன்றுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கிய இந்நிலம் காலனிக் காலத்தில் வேட்டைக்காடாக இருந்தது. நுவரெலியாவில் குடியேறி வேட்டை நூல்கள் எழுதிய சாமுவேல் பேக்கரின் பெயர் இன்றும் இங்குள்ள நீர்வீழ்ச்சிக்கு வழங்குகிறது. அக்கால வழிகாட்டல் துப்பாக்கிக்கு முன்னே விலங்கைக் கொண்டுவந்து நிறுத்தும் தொழிலாக இருந்தது, யானைகள் இச்சமவெளியிலிருந்து அழிந்துபோனதும் அவ்வேட்டையின் விளைவே. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடவேண்டும் என 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அளித்த பரிந்துரை, கோப்பியும் தேயிலையும் உச்சிவரை ஏறாமல் தடுத்தது. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்நிலம், 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

சமவெளியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுடையது. சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்பன அதன் முக்கிய நிறுத்தங்கள். உலக முடிவு என்பது ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாகத் தாழ்ந்து இறங்கும் பாறைவிளிம்பு. வெயில் ஏற ஏறத் தெற்குத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று இவ்விளிம்பை ஒட்டி மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிவிடுவதால், காலை 9 அல்லது 10 மணிக்குப் பின்னர் அங்கே வெண்புகை தவிர வேறெதுவும் தெரியாமற்போவதுண்டு. உறைபனியோ அதற்கும் முன்பே, வெயில் பள்ளத்தைத் தொட்ட சிறிது நேரத்தில் கரைந்துவிடும். ஒன்றைத் தரையில் குனிந்து பார்க்க வேண்டும், மற்றொன்றை விளிம்பில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காலம் குறைவு. ஆகவே வழிகாட்டி தம் கூட்டத்தை முதல் புல்வெளியில் எவ்வளவு நேரம் நிற்க விடுகிறார், எப்போது விளிம்பை நோக்கி நகர்த்துகிறார் என்பதில் அவரது தேர்ச்சி வெளிப்படுகிறது. விளிம்பின் புகழை மட்டுமே கருதி விரைபவர் அன்றைய நாளின் அரிய பொருளைக் காலடியில் மிதித்துக் கடந்துவிடுகிறார்.

தேர்ந்த வழிகாட்டியின் மெதுநடையில் சமவெளியின் அமைப்பும் விளங்கத் தொடங்குகிறது. பள்ளங்களில் புல்லும் மேடுகளில் காடுமாக நிலம் பிரிந்திருப்பதற்கு உறைபனியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குளிர் தேங்கும் பள்ளத்தில் மரக்கன்றுகள் பிழைப்பது கடினம். மேட்டில் நிற்கும் மரங்களோ காற்றின் அழுத்தத்தால் குட்டையாகி, முறுக்கேறி, குடைபோல் தட்டையான உச்சி கொண்டவை. அவற்றின் கிளைகளில் பாசியும் கற்பாசியும் தாடியாகத் தொங்கி முகிலின் ஈரத்தை வடித்தெடுத்து நிலத்துக்குத் தருகின்றன. செந்நிறப் பூங்கொத்துத் தாங்கும் காட்டுப் பூவரசு மரம், இமயமலையில் காணப்படும் ரொடொடென்ட்ரன் இனத்தின் இலங்கைக் கிளை. புல்வெளியில் மேயும் மரைகள், அதாவது பெரிய கொம்புடைய காட்டு மான்கள், மனிதருக்குப் பழகிவிட்டவை. அவற்றுக்குத் தின்பண்டம் நீட்டிப் படமெடுக்க விடும் வழிகாட்டியும் உண்டு, தொலைவில் நிறுத்தி அவை மேயும் ஒழுங்கைக் காட்டும் வழிகாட்டியும் உண்டு. இருவருக்கும் கூலி ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் கலை பின்னவரிடமே இருக்கிறது.

வழிகாட்டலின் தொன்மையைத் தேடுபவர் சமவெளியிலிருந்து மேற்கே, ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் அப்பால் எழும் சிவனொளிபாதமலையை நோக்க வேண்டும். 2,243 மீட்டர் உயரமுள்ள இம்மலைக்கு 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி தமக்குச் செய்து கொடுத்த ஏற்பாட்டைக் குறித்து வைத்துள்ளார்: ஆண்டுதோறும் மலைக்குச் சென்றுவரும் வழக்கமுடைய 4 யோகிகள், பிராமணர் சிலர், மேலும் 10 துணைவர், உணவுப்பொருள் சுமக்க 15 பேர். வழி தெரிந்தவர், துணை நிற்பவர், சுமப்பவர் என்ற இப்பிரிவு இன்று உலகெங்கும் மலைப்பயண ஏற்பாட்டில் காணப்படுவதுதான். தமிழ் அரசன் ஒருவன் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அதை ஒழுங்கு செய்து அனுப்பியிருக்கிறான். சிங்கள யாத்திரிகர் மரபிலும், பலமுறை மலையேறிய மூத்தவர் ஒருவர் நடே குரா என்ற பெயரில் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். எங்கே நீராடுவது, எங்கே இளைப்பாறுவது, முதன்முறை வருபவரை எவ்வாறு நடத்துவது என்பன அவர் சொற்படி நடக்கும்.

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் பருவத்தில், நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகளை இரவில் ஏறி விடியலுக்குள் உச்சியை அடைவது வழமை. புதிதாக வருபவர் கீழே குளிருக்கு அஞ்சி உள்ள துணியெல்லாம் உடுத்திக்கொண்டு வேகமாக ஏறி, பாதிவழியில் வியர்த்து நனைந்து, உச்சிக் காற்றில் நடுங்குவார். பழகியவர் சற்றே குளிர உடுத்து மெதுவாக ஏறி, உலர்ந்த மேலாடையை உச்சிக்கென்று பையில் வைத்திருப்பார். வட நாட்டுப் பனிநடை வழிகாட்டிகளும் முதல் பாடமாகச் சொல்வது இதுவே: குளிர்நிலத்தில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் உடம்பின் சொந்த வியர்வை. கதிர் எழும்போது கூட்டம் முழுவதும் கிழக்கே பார்த்து நிற்கையில், மலையின் நிழல் மேற்கே முகிற்பரப்பின் மேல் கூர்முக்கோணமாக விழுவதைக் காண, அனுபவமுள்ளவர் தம்மவரை மெல்ல மேற்குப் பக்கம் அழைத்துச் செல்வார். அந்நிழல் சூரியன் உயர உயரக் குறுகி மறைந்துவிடும்.

தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் நடை இவ்விரண்டிலும் வேறானது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக வளைந்து நுவரெலியாவில் முடியும் பீக்கோ தடம் 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. இது புதிதாக வெட்டிய பாதையன்று. அதன் பெரும்பகுதி, தோட்டங்கள் தோன்றிய காலத்தில் கொழுந்தும் தளபாடமும் கொண்டுசெல்ல உண்டான வழிகளைக் கோத்து அமைத்தது. தோட்டத்தில் வழி இருவகைப்படும். சரிவைச் சுற்றி மெல்ல ஏறும் வண்டிப்பாதை ஒன்று. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நேராக ஏறி இறங்கும் குறுக்குப்பாதை மற்றொன்று. பெரட்டு என்பது காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம். தோட்டத்தில் பிறந்த வழிகாட்டி ஏற்றத்துக்கு எதை, இறக்கத்துக்கு எதை, பனிநீர் உலராத காலையில் எதைத் தவிர்ப்பது என்பதைச் சொல்லிக் கொடுக்காமலே நடந்து காட்டுவார். கவ்வாத்து வெட்டிய மலையையும், அதாவது உயரம் குறைத்துக் கத்தரித்த செடிகள் நிற்கும் பரப்பையும், முற்றிய மலையையும் அவர் தூரத்திலிருந்தே நிறத்தால் பிரித்தறிவார்.

அந்த அறிவு பொழுதுபோக்காக வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து, ஆள் திரட்டிய கங்காணிமாரோடு மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். வந்து சேர்ந்தோர் வெப்பநிலத்து உடம்போடு இக்குளிருக்குள் தள்ளப்பட்டனர். தோட்டம் கொடுத்த முரட்டுக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, இடுப்பில் படங்கு கட்டி, விடியுமுன் மலையேறியவர்களின் கால்களே இன்றைய நடைபாதைகளைத் தேய்த்து உறுதியாக்கியவை. குளிருக்குள் நடப்பதை விடுமுறையாகக் கொள்பவரும், அதே குளிருக்குள் பெயர் கொடுத்து வேலைக்குச் செல்பவரும் காலை ஏழு மணிக்கு ஒரே குறுக்குப்பாதையில் எதிர்ப்படும் நாடு இது. அவ்வேளை ஒதுங்கி வழிவிட வேண்டியவர் பயணி என்பதை உணர்த்துவதும் வழிகாட்டலின் ஒரு பகுதிதான்.

இந்நடையை மதிப்பிட விரும்பும் ரசிகர் ஏறிய உயரத்தையும் எடுத்த படங்களையும் அளவாகக் கொள்ளத் தேவையில்லை. வழிகாட்டி எத்தனை முறை நிறுத்தினார், நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் நிற்பதற்குக் காரணம் இருந்ததா, கூட்டத்தின் மிக மெதுவான ஆளின் வேகத்தில் அவர் நடந்தாரா, புல்வெளியின் நடுவே புதுத் தடம் விழாமல் பார்த்துக்கொண்டாரா என்பன நம்பத்தக்க அளவுகோல்கள். துரைமாருக்கென எழுந்த பழைய பங்களாக்கள் பல இன்று கணப்பு மூட்டிய விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. அவ்வறைகளுக்குக் கொடுக்கும் விலையில் சிறுபங்குகூட மலையை அறிந்து முன்னே நடப்பவருக்குச் சேராத நிலை இருக்குமாயின், இக்கலை அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது அரிது. பள்ளத்தில் குளிர் தங்கும் இடத்தை அறிந்த லயத்துப் பிள்ளைக்கு, அந்த அறிவு கொழும்பின் கடைவேலையைவிடக் கூடுதலாக ஊதியம் தரும் என்ற உறுதி வேண்டும். அதனால் மலைநாட்டுக் குளிர்காலத்தை ரசிக்க வருபவர் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதும், அவரது நேரத்துக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பதும் ரசனையின் இலக்கணத்துக்குள் அடங்கும்.