நினைவும் எழுத்தும்: 'என் சரித்திரம்' பற்றிய ஓர் ஆய்வு

ஒருவர் இறந்தபின் அவர் நெஞ்சிற் கிடந்த நினைவுகள் என்னாகின்றன? உயிர் நிலைபெறும் என்னும் சமயக் கொள்கையுடையார்க்கு விடை எளிது. அக்கொள்கையைச் சாராது, எழுத்துச் சான்றுகளை மட்டுமே கொண்டு விடை காண்டல் கூடுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. காவிரி பாயும் தஞ்சை நாடு இதற்கு இருவகைச் சான்று தருகின்றது. ஒன்று கல், மற்றொன்று நூல்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று, முதலாம் இராசராசன் பிற ஊர்த் தளிகளிலிருந்து கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிக்கின்றது. அவர்தம் பெயர், முன்னிருந்த தளி, குடியேறிய தெருவின் சிறகு, வீட்டின் வரிசை ஆகியன முறையே பொறிக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு நெல் 100 கலம் என்பதும் உண்டு. ஆயின், திருவையாற்றையும் திருவாரூரையும் விட்டு வந்த அம்மகளிர் எவ்வூரை எண்ணி ஏங்கினர், எவரைப் பிரிந்து வருந்தினர் என்பதற்குக் கல்லில் ஓரெழுத்தும் இல்லை. ஏறத்தாழ 1000 ஆண்டுகளாகப் பெயர் நின்றது, நினைவு நிற்கவில்லை. எனவே, பெயர் நிலைபெறுதலும் நினைவு நிலைபெறுதலும் வேறு வேறு என்பது பெறப்படும்.

இனி நூற்சான்றைக் காண்போம். உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து மாணவரானார். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை ஐயர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். இடைப்பட்ட 57 ஆண்டுகள் ஆசிரியரின் பேச்சும் பழக்கமும் வறுமையும், அவர் செய்யுள் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய காட்சியும் ஐயர் நெஞ்சில் வாழ்ந்திருந்தன. அவற்றுட் பலவற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திர'த்திலும் மீண்டும் காண்கின்றோம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். இவை பிள்ளையவர்களின் நினைவுகளோ எனின், அல்ல. பிள்ளையவர்களைப் பற்றிய ஐயரின் நினைவுகளே. தம் இளமையைப் பிள்ளையவர்கள் எவ்வாறு எண்ணினார் என்பதில், வாய்விட்டுச் சொல்லியதும் அதனைக் கேட்டவர் மறவாததுமே எஞ்சின. மாணவரின் அன்பும் முதுமையும் அவற்றை ஓரளவு மாற்றியும் இருக்கலாம். தடை உண்மையே. ஆயினும் அது நினைவின் இயல்பை விளக்குகின்றதேயன்றி, நூலின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஒருவர் நினைவு பிறர் நெஞ்சிற் புகும்போது அவர் நினைவாகவே மாறுகின்றது. மாறாமற் புக வழியில்லை.

நினைவு நீங்கியபின்னும் அதன் விளைவு நிற்றல் உண்டு. ஐயரின் இளமைப் பெயர் வேங்கடராமன். 'சாமிநாதன்' என்பது பிள்ளையவர்கள் விருப்பத்தால் வந்தது. இன்று அப்பெயரைச் சொல்வார் பலர்க்கு அச்செய்தி தெரியாது. எனினும் ஆசிரியரின் ஒரு சொல் அவர்கள் நாவில் நடமாடுகின்றது.

எல்லையையும் 'என் சரித்திரம்' தானே காட்டுகின்றது. ஐயர் 1942இல் மறைய, நூல் 122 அத்தியாயங்களோடு முற்றுப்பெறாது நின்றது. கும்பகோணம் கல்லூரியை விட்டு 1903இல் சென்னைக்குப் பெயர்ந்த வரலாற்றைக்கூட அது எட்டவில்லை. பிற்பகுதியை மாணவர் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலால் நிரப்ப முயன்றார். ஆனால் அவர் பிறந்ததே 1906இல். கும்பகோணத்தை விட்டுப் புறப்பட்ட அன்று ஐயர் நெஞ்சில் எழுந்ததை அவர் எவ்வாறு கண்டிருத்தல் கூடும்? நிகழ்ச்சிகளைப் பிறர் எழுதலாம். உணர்ந்தவர் சொல்லாத உணர்வை எவரும் எழுதுதல் இயலாது.

ஆகவே நாம் காணும் முடிபு இது: சொல்லப்படாத நினைவு உடலோடு அழிகின்றது, சொல்லப்பட்டது கேட்டவர் உள்ளவரை வாழ்கின்றது, எழுதப்பட்டது படிப்பவர் உள்ளவரை வாழ்கின்றது. இதனினும் மிகுதியாக உறுதி கூற நம்மிடம் சான்றில்லை. இது சிறிய ஆறுதலே. ஆயினும் 1876இல் மறைந்த ஒருவரின் குரலை இன்றும் நாம் உணர்ந்து படிப்பதற்கு, 57 ஆண்டுகள் அதனைக் காத்து எழுதிய ஒரு மாணவர் போதுமானவராயினார். ஏடு தேடி ஊர்தோறும் செல்லும் ஆய்வாளர், அவ்வூர் முதியோரிடம் அமர்ந்து கேட்டலையும் ஆராய்ச்சியின் பகுதியாகக் கொள்வாராக. ஏடு சில ஆண்டு பொறுத்திருக்கும், முதியோர் பொறுத்திரார்.