ஒரு கொட்டேஷனை வாசித்தல்: புது கேமிங் கம்ப்யூட்டர் எத்தனை வருஷம் தாங்கும்?

போன வாரம் அக்கா மகன் ஒரு கொட்டேஷனோட வந்தான். தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எழுதி வாங்கியது. ஒன்பது வரி, கீழே மொத்தம் 82,500 ரூபாய். அதுக்கும் கீழே பேனாவால் "ஃபியூச்சர் ப்ரூஃப், 6 வருஷம் கவலை இல்லை" என்று எழுதியிருந்தது. ரெண்டு வருஷம் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. "மாமா, நெசமாவே ஆறு வருஷம் தாங்குமா?" என்று கேட்டான்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். இவ்வளவு பணத்தை விழுங்கும் இந்த ஒற்றைத் தாளை யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். தாளில் இருப்பதிலேயே பலவீனமானது அந்தப் பேனா வரிதான்.

ஏன்னா, கம்ப்யூட்டரின் வயசு நாம வாங்கின தேதியிலிருந்து ஓடுவதில்லை. பெரிய கேம்களைச் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது பிளேஸ்டேஷன் மாதிரியான பெட்டிகளைத்தான். பிஎஸ்4 வந்தது 2013 நவம்பரில், பிஎஸ்5 வந்தது 2020 நவம்பரில். நடுவில் ஏழு வருஷம். 2014-ல் நல்ல கம்ப்யூட்டர் வாங்கினவர் அந்த ஏழு வருஷத்தில் பெரும்பகுதியை நிம்மதியாக ஓட்டினார். 2019-ல் வாங்கினவருக்கு அடுத்த வருஷமே அளவுகோல் மாறிப்போச்சு. எஸ்எஸ்டி பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போ பிஎஸ்5-க்கு ஐந்து வயசு தாண்டிவிட்டது. இன்றைக்கு "ஆறு வருஷம்" என்று எழுதுகிறவர், இன்னும் வராத அடுத்த பெட்டிக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுக்கிறார்.

"வேகமான கார்டா வாங்கிட்டா சமாளிக்கலாமே" என்பது வழக்கமான பதில். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கதையைப் பாருங்க. 2017-ல் வந்தது, 11 ஜிபி மெமரி, அன்றைக்கு அதுதான் ராஜா. 2019-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரை விடப் பழைய கேம்களில் வேகமாகவே ஓடும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ஒளிக்கதிர் கணக்குக்கென்று தனி வன்பொருள் இருந்தால்தான் ஓடும் என்று சொல்லிவிட்டது. 2060 சூப்பருக்கு அது இருந்ததால் குறைந்தபட்சத் தேவையில் இடம் கிடைத்தது. 1080 டிஐ வாசலிலேயே நின்றது. பின்னாடி எந்த வசதியைக் கட்டாயமாக்குவார்கள் என்பதை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்க முடியாது.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 2016 ஜூலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1060 ஒரு நடுத்தரக் கார்டு. ஸ்டீம் தளம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பில் பல வருஷம் அதுதான் முதலிடம், 2022 கடைசி வரைக்கும். அவ்வளவு பேர் கையில் இருக்கும் கார்டை எந்த கேம் கம்பெனியும் சட்டென்று கைவிடாது. என்விடியாவும் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை 2025 அக்டோபர் வரை கொடுத்தது. ஒன்பது வருஷத்துக்கு மேல! உச்சத்தில் இருப்பதை வாங்குவதை விட, கூட்டத்தோடு இருப்பது ஆயுசை நீட்டுகிறது.

இப்போ தாளுக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டு வரி: ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. கூட்டம் வாங்கும் வகைதான், அதில் குறை இல்லை. 8 ஜிபிதான் உறுத்துகிறது. 2021-ல் முதலில் வந்த 3060-லேயே 12 ஜிபி இருந்தது. 1080பி மானிட்டரில், படத் தரத்தை ஒரு படி குறைத்து ஆடப் பழகினால் ஓடும். எல்லாத்தையும் 'அல்ட்ரா'வில் வைத்து ஆறு வருஷம் என்றால் ஓடாது.

அடுத்து ப்ராசசரும் மதர்போர்டும்: ஐ5 12400, எச்610 போர்டு. இன்றைக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 2024 அக்டோபரிலேயே இன்டெல் டெஸ்க்டாப்பில் வேற சாக்கெட்டுக்குப் போயிருச்சு. இந்தப் போர்டுக்கு முன்னாடி பாதை ரொம்ப நீளமில்லை. ஏஎம்டி பக்கம் 2017-ல் ரைசனோடு போர்டு வாங்கின பலர், பயாஸை மட்டும் மாற்றி, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசசரை அதே போர்டில் செருகினார்கள். முதல் தலைமுறை ரைசனை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளவில்லை. புதுச் சில்லைப் போட்டதும் அந்தக் கதவும் திறந்தது. அதிலும் ஒரு பாடம் இருக்கு. 2020 மே மாதம் ஏஎம்டி, புது ப்ராசசர்கள் பி450 போர்டுகளில் ஓடாது என்றுதான் முதலில் சொன்னது. வாங்கினவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தது. கம்பெனியின் வாக்குறுதியே இப்படின்னா, கடைக்காரரின் பேனா எம்மாத்திரம்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஏழாவது வரியில். "எஸ்எம்பிஎஸ் 450 வாட், 1,800 ரூபாய்." கம்பெனி பேர் இல்லை. எட்டாவது வரியில் கலர் விளக்கு ஃபேன் வைத்த கேபினட், 4,200 ரூபாய்.

மதுரையில் இதுதான் தலைகீழ். பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒரு தோராயமான விதி உண்டு: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுசு பாதியாகும். பவர் சப்ளைகளுக்குக் கொடுக்கும் '80 பிளஸ்' சான்றிதழுக்குச் சோதனை செய்வது 23 டிகிரி அறையில். அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் வரும் சித்திரையில், மொட்டை மாடி ரூமில் 23 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? கரண்ட் போய்ப் போய் வருவதும், ரோட்டுத் தூசியும் தனி. கார்டு பழசானால் கேம் மெதுவாகும், அவ்வளவுதான். மட்டமான எஸ்எம்பிஎஸ் போனால் சில சமயம் மத்ததையும் கூட்டிக்கொண்டு போகும்.

நல்ல எஸ்எம்பிஎஸ், காற்றோட்டமுள்ள கேபினட், மானிட்டர், இந்த மூன்றும் இரண்டு கம்ப்யூட்டர் காலம் வரைக்கும் கூட வரக்கூடியவை. சீக்கிரம் பழசாகப் போகிறதில் காசைக் கொட்டிவிட்டு, அதிக காலம் இருக்கப் போகிறதில் மிச்சம் பிடிக்கிறது இந்தத் தாள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. வருகிற பையன் கேட்பது ப்ராசசர் பேர், கார்டு நம்பர், விளக்கு எரியுமா, இந்த மூன்றுதான். எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று கேட்பவன் குறைவு. ஆன்லைன் விலையோடு மோத வேண்டிய மனுஷன் யாரும் பார்க்காத வரியில்தானே கை வைப்பார்?

மருமகனிடம் சொன்னது இதுதான். "நீ ஆடுறது வேலரன்ட், ஜிடிஏ 5. அதுக்கு இந்தப் பெட்டி ஆறு வருஷம் தாராளம். புதுசா வர்ற பெரிய கேம் வேணும்னா, மூணு வருஷம் நல்லா ஓடும், அப்புறம் செட்டிங்கைக் குறைச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். இது என் கணிப்பு, எழுதிக் கொடுக்க மாட்டேன்." விளக்கு கேபினட்டை எடுத்துவிட்டு, முன்பக்கம் வலை வைத்த சாதா கேபினட். மிச்சக் காசுக்கு ஐந்து வருஷ வாரண்டியோட பேர் போட்ட 550 வாட் எஸ்எம்பிஎஸ். போர்டை அடுத்த ப்ராசசருக்கு இடம் இருக்கிற ஏஎம்5-க்கு மாற்றினோம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை போகிற போக்கில் அந்த மாற்றத்துக்கு மட்டும் கையை விட்டுக் கூடப் போட வேண்டியதாச்சு.

மறுநாள் கடையில் புதுத் தாள் வாங்கி வந்தான். எஸ்எம்பிஎஸ் வரியில் கம்பெனி பேர், மாடல், வாரண்டி மூன்றும் இருந்தன. பேனா வரி இல்லை. "விளக்கு இல்லாதது மட்டும்தான் மாமா கஷ்டமா இருக்கு" என்றான்.