திசை உணர்த்தும் சொல்: மார்சல் தீவுக் கவிதையும் தமிழ் மொழிபெயர்ப்பும்

முன்னுரை

காலனியாட்சியையும் காலநிலை மாற்றத்தையும் இளையோர்க்குக் கலைவழி உணர்த்தும் முயற்சிகளுள், பசிபிக் பெருங்கடலின் மார்சல் தீவுகளில் நிகழ்வது தனித்து நோக்கத்தக்கது. அத்தீவுக் கவிஞர் கேத்தி ஜெட்னில்-கிஜினர், ‘ஜோ-ஜிகும்’ என்னும் இளையோர் அமைப்பை நிறுவியோருள் ஒருவர். அங்கு இளையோர் தம் தீவுகளின் நிலையைக் கவிதை முதலிய கலைகளால் வெளியிடப் பயில்கின்றனர். அக்கவிஞரின் ‘இயெப் ஜால்டோக்’ (2017) தொகுப்பையும் பிற படைப்புகளையும் மொழிபெயர்ப்பு நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

விகுதியும் திசையும்

தலைப்பின் பொருள், ‘பேசுவோரை நோக்கி வாய் திறந்த கூடை’ என்பதாம். தாய்வழிச் சமுதாயமாகிய அங்குப் பெண்மகவை இத்தொடரால் சுட்டுவர். கூடையிலுள்ளது சுற்றத்தார்க்கு உரியது என்பது கருத்து. ஆண்மகவு அப்பால் நோக்கிய கூடை எனப்படும். அம்மொழியில் ‘டோக்’ பேசுவோர் பக்கத்தையும், ‘வஜ்’ கேட்போர் பக்கத்தையும், ‘லோக்’ இருவர்க்கும் அப்பாலையும் உணர்த்தும். தொல்காப்பியர் தரவு, வரவு ஆகியவற்றைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், செலவு, கொடை ஆகியவற்றைப் படர்க்கைக்கும் வகுத்தமை இங்கு ஒப்பிடத்தக்கது. அவர் ஒன்றாக வைத்த தன்மையையும் முன்னிலையையும் மார்சல் மொழி பிரித்துக் காட்டுகிறது. தலைப்பைத் தமிழில் ‘கூடை’ என்று மட்டும் பெயர்த்தால் திசை கெடும். திசை கெட்டால் உறவும் கெடும்.

மறையும் வினைமுதல்

இத்திசைப்பாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அத்தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றுள் ஒன்று ரூனிட் தீவில் தோண்டிய குழியில், 1977-80 ஆண்டுகளில் கதிரியக்க மண் கொட்டப்பட்டுக் கற்காரைக் குவிமாடத்தால் மூடப்பட்டது. இன்று உயரும் கடல் அதனை நெருக்குகிறது. காலனியாட்சியும் காலநிலையும் அங்கு இரு பாடங்கள் அல்ல. ஒரே குழியின் இரு பக்கங்கள்.

‘மக்கள் அகற்றப்பட்டனர்’, ‘கடல்மட்டம் உயர்கிறது’ என்னும் அறிக்கை நடையில் செய்தவரும் துன்புற்றவரும் மறைந்துவிடுகின்றனர். கவிஞரோ 2014இல் ஐக்கிய நாடுகள் காலநிலை உச்சிமாநாட்டில் தம் பெண்குழந்தையை விளித்துக் கவிதை படித்தார். 2018இல் வெளிவந்த கவிதைப்படத்தில் ரூனிட்டையே விளித்து, அதனைக் காண வருவதாகக் கூறுகிறார். இதனைத் தமிழில் ‘உன்னிடம் வருகிறேன்’ என்றே பெயர்த்தல் வேண்டும். ‘செல்கிறேன்’ என்றால் தீவு படர்க்கையாகிவிடும். முன்னிலையில் ஒருவரை நிறுத்தியதும், இதனைச் செய்தவர் யார் என்னும் வினா தானே எழுகிறது. அவ்வினாவை எழுப்பக் கற்பதே இளையோர் இக்கலையால் பெறும் பயன் எனலாம்.

முடிவுரை

குறை ஒன்றும் சுட்டத்தக்கது. தொகுப்பு ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. தலைப்பிலுள்ள திசை விகுதியை ஏற்கும் அமைப்பு ஆங்கில வினைக்கு இல்லை. எனவே ஆங்கில மூலத்தை மட்டும் கொண்டு பெயர்ப்போர், மார்சல் மொழி காட்டும் வேறுபாட்டை இழக்கக்கூடும். தமிழில் அவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும். சூழலியல் கலைச்சொற்களைத் தேடுவதற்கு முன், யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதைத் தெளிதல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.