கடல் கடந்த பாடமும் கலைச்சொல்லும்

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கடல்வழியே தனுஷ்கோடியும் ஏறத்தாழ அவ்வளவே. முன்னைய தூரத்தைத் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவன் பேருந்தில் கடக்கின்றான். பின்னையதை யூடியூப் காணொளியிற் கடக்கின்றான். பாடசாலைகள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டு இவ்விரண்டாவது வழியின் தேவையை வலியுறுத்திற்று. இதனை வீண்பொழுதுபோக்கென ஒதுக்குவது பொருந்தாது.

வகுப்பறையில் மறுமுறை கேட்க நாணும் மாணவன், காணொளியை வேண்டிய இடத்தில் நிறுத்திப் பத்துமுறை கேட்கலாம். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி யூடியூபிலும் பாடங்களை வழங்குகின்றது. மொழி ஒன்றே, ஆயின் கலைச்சொல் ஒன்றன்று. நம் பாடநூலின் ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. ஆர்முடுகல் அங்கே முடுக்கம். காபனீரொட்சைட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடு. பௌதிகவியல் அங்கே இயற்பியல்.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதம் பயனற்றது. பிறமொழிப் பெயர்களைத் தமிழ் எழுத்து மரபுக்கு இயைவித்தல் ஈழத்து நெறி. அவற்றின் ஒலியைப் பெரிதும் பேணுதல் தமிழகப் பாடநூல் நெறி. இரண்டிற்கும் நியாயம் உண்டு. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. கருத்தை நன்கு விளங்கிக்கொண்ட மாணவனும் பரீட்சை வினாவிலே வேறு சொல்லைக் கண்டு மயங்குகின்றான். ஆசிரியர் அருகிலிருந்தால் ஒரு வார்த்தையில் அம்மயக்கம் தீரும். காணொளியோ வினவினால் விடை கூறாது. எனவே துணையின்றிக் கற்கும் மாணவனே பெரிதும் பாதிக்கப்படுகின்றான். சொல்லின் வேறுபாட்டைத் தன் அறிவின் குறைபாடெனக் கருதவும் கூடும். காணொளிக் கல்வி எல்லோரையும் சமமாக்கும் என்போர் இதனை நோக்குவதில்லை.

அதே வேளை, இரு சொற்களையும் அறிந்த மாணவன் சொல்லைக் கடந்து பொருளைப் பற்றிக்கொள்கின்றான் என்பதும் உண்மை. ஒரு சொல்லை மனனஞ் செய்தவனுக்கு அப்பேறு இல்லை. ஆகவே அக்கரைப் பாடத்தைத் தடுப்பது தீர்வாகாது. இரு வழக்குகளையும் இணைத்துக் காட்டுவதே தீர்வாகும்.

1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஈழத்தவரான விபுலாநந்த அடிகள். இரு கரைகளும் ஒருங்கிருந்து சொல் தேடிய காலம் அது. இன்று வேண்டப்படுவது அத்துணைப் பெரும் பணியன்று. பாடந்தோறும் இருநாட்டுச் சொற்களையும் நிரைப்படுத்திய சிறு அட்டவணைகளும், அவற்றைச் சுட்டி விளக்கும் காணொளிகளும் போதும். தமிழ்வழிக் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவர்க்கு இது இயலாத செயலன்று. தலைமன்னாரில் தனித்திருந்து கற்கும் மாணவனுக்கோ இது பேருதவி.